நர்ஸம்மா கட்டச் சொன்ன கண்

பட்டறைக்காரருக்குப் பள்ளிக்கூடத்து நர்ஸம்மா மேல் இருந்த கோபம் இன்று நேற்று வந்ததில்லை. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அந்தம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்தார். இவர் மகளுக்கும் பார்த்தார். இரண்டு கண்ணும் நல்லாத் தெரியுது என்று சொல்லி அனுப்பினார். அப்போதே அந்தப் பிள்ளைக்கு இடது கண் உருப்படியாகத் தெரியாது. அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் சரி பண்ணியிருக்கலாம் என்று பெரிய டாக்டர் பின்னால் சொன்னார். பின்னால் சொல்லி என்ன செய்ய? மகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கும் ஒரு பெண் பிறந்து, அது வாயாடுகிற வயசுக்கு வந்துவிட்டது. இவர் மனசில் அந்தக் கொள்ளி மட்டும் அணையவே இல்லை.

கோபத்தை வெறுமனே மனசில் பூட்டி வைக்கிற ஆளும் இல்லை இவர். நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் டெய்லர். பட்டறைக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கடை; கடைக்குப் பின்னாலேயே வீடு. இவர் அந்தக் கடையை விட்டுவிட்டு, மார்க்கெட்டைத் தாண்டி வேறொருத்தரிடம் பேண்ட் தைக்கக் கொடுப்பார். அந்த ஆளின் கைராசி, எந்தப் பேண்ட்டும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும்.

"என்னங்க, தண்ணிக்குள்ள இறங்கப் போறீங்களா?" என்பாள் சம்சாரம்.

"காத்தோட்டமா இருக்கு."

"எதிர்க்கடை டெய்லர் என்ன பாவம் பண்ணாரு? அவரா கண்ணு பார்த்தாரு?"

இவர் வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வேலையில் குனிந்துவிடுவார்.

நர்ஸம்மாவைப் பற்றித் தெருவில் வேறு ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அது இவருக்கு இன்னும் எரிச்சல்.

பள்ளிக்கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே, ஒரு காலத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் நர்ஸம்மாவின் ராஜ்யம். ஒரு இரும்புக் கட்டில். அதன் மேல் பச்சை ரெக்சின் மெத்தை. ஓரம் கிழிந்த இடத்தில் பிள்ளைகள் விரலை விட்டு விட்டுப் பஞ்சு எட்டிப் பார்க்கும். எடை பார்க்கிற மெஷின். உயரம் பார்க்கச் சுவரிலேயே போட்ட கோடுகள். கண்ணாடி டம்ளரில் பஞ்சின் மேல் நிற்கிற தெர்மாமீட்டர். யார் உள்ளே வந்தாலும், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் சரி, முதலில் "நாக்கை நீட்டு" என்பார். அதனால் பிள்ளைகள் வைத்த பேர் நாக்கம்மா. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் ஒரு வாத்தியாரே வாய் தவறி "நாக்கம்மாவைக் கூப்பிடு" என்று சொல்லிவிட, நர்ஸம்மா வந்து நின்று, "முதல்ல நீங்க நீட்டுங்க சார்" என்றாராம்.

கணக்குப் பரீட்சை அன்று மட்டும் வருகிற வயிற்றுவலிக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் படுக்க வைப்பார். "பரீட்சை முடிஞ்சதும் போயிடும். போகலைன்னா திரும்பி வா" என்று அனுப்பிவிடுவார். மூக்குக்குள் சாக்பீஸ் துண்டைத் திணித்துக்கொண்டு வருகிறவன், இழுப்பு வந்து மூச்சு வாங்குகிற பிள்ளை, உடுப்பில் கறையைப் பார்த்துப் பயந்து அழுகிற பெரிய வகுப்புப் பெண், எல்லாருக்கும் அந்த ஒரு கட்டில்தான். தலையில் பேன் இருக்கிற பிள்ளையை மற்றவர்கள் முன்னால் காட்டிக்கொடுக்க மாட்டார். சாயங்காலம் நடந்தே அந்த வீட்டுக்குப் போய், அம்மாவிடம் மட்டும் சொல்லி, மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கும் சின்ன வயசுல மண்டை முழுக்க இருந்துச்சு" என்று ஒரு பொய்யையும் சேர்த்து வைத்துவிட்டு வருவார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷி இவர் மகள் விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் பட்டறைக்காரருக்கு ஆறவில்லை.

கோட்டை விட்டது இப்படித்தான். கண் பார்க்க அந்த அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. தரையில் ஒட்டிய பட்டையில் பிள்ளை நிற்க வேண்டும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வரி வரியாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு மறு கண். மற்ற பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகக் காத்திருப்பார்கள். அந்த வருஷம் கண் பார்த்த அன்று பேய் மழை. வராந்தா முழுக்கச் சாரல். பிள்ளைகள் நனைகிறதே என்று நர்ஸம்மா மொத்த வரிசையையும் உள்ளே கூப்பிட்டுச் சுவரோரமாக நிற்க வைத்தார். ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் அதுவே வேறு விதத்தில் வினையாகிவிட்டது.

இவர் மகள் வரிசையில் கடைசிக்குப் பக்கம். அவளுக்குக் காது அபாரம். ரேடியோவில் ஒரு பாட்டை ஒருதரம் கேட்டால் அடுத்த தரம் கூடவே பாடிவிடுவாள். முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய் அதே எழுத்தை அதே வரிசையில் சொல்லச் சொல்ல, அவளுக்கு அது ஒரு பாட்டாகிவிட்டது. தன் முறை வந்ததும் பட்டையில் நின்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் ராகம் போட்டுச் சொன்னாள். நர்ஸம்மா "கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். ஒரு கண் அப்படி மங்கலாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

வெளியே தெரிகிற கோளாறாகவும் அது இல்லை. மாறுகண் கிடையாது. சிவப்பு கிடையாது. இரண்டு கண் வேலையையும் வலது கண்ணே இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தது. அவள் நாலாவது படிக்கும்போது தூசி விழுந்து, கசக்கிக் கசக்கி, அந்த வலது கண் புண்ணாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு மூடிக் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தார் இவர். நல்ல வெயில் நேரம்.

"அப்பா, வீட்டுக்குள்ள ஏன் இவ்வளவு புகையா இருக்கு?" என்றாள்.

"புகையா? இல்லையே கண்ணு."

"இருக்கே. உன் மூஞ்சி கூடத் தெரியலை."

அதுவரைக்கும் மகளைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அப்புறம் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "பாப்பா" என்று மாற்றிக்கொண்டார். ஏன் மாற்றினார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "இது சோம்பேறிக் கண்ணு. சின்னதுல பார்த்திருந்தா, நல்ல கண்ணைக் கட்டி வச்சு இதை வேலை வாங்கியிருக்கலாம். இப்போ பெரிசா பலன் இருக்காது. பள்ளிக்கூடத்துல பார்க்கலையா?"

புண் ஆறிய மறுநாள் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவை அவர் தட்டவில்லை, தள்ளினார்.

"என்னத்த நர்ஸு நீங்க?" என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார்.  இவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், நர்ஸம்மா பிள்ளையைப் பட்டையில் நிற்க வைத்து, அவள் வலது கண்ணைத் தன் கையாலேயே பொத்தி, "படிம்மா" என்றார்.

பிள்ளை கடகடவென்று சொன்னாள். ஒரு எழுத்து தப்பவில்லை. பட்டறைக்காரரே ஆடிப்போனார்.

நர்ஸம்மா சுவருக்குப் போய் அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார். திரும்பி வந்து கண்ணைப் பொத்தினார். "இப்போ படி."

பிள்ளை அதையே, மேலிருந்து கீழே, அதே ராகத்தில் மறுபடி சொன்னாள்.

"இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. அன்னைக்கு மழையில எல்லாரும் சொன்னாங்கல்ல? எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு." பிள்ளை முகத்தில் அத்தனை பெருமை. கெட்டிக்காரி என்று சொல்லுவார்கள் என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் எல்லாரையும் உள்ள கூப்பிட்டேன். தப்பு என்னுது" என்றார்.

இல்லை என்று மறுத்திருந்தால் இவர் இன்னும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்துவிட்டுப் போயிருப்பார். ஆமாம் என்று உட்கார்ந்துவிட்ட ஆளிடம் என்னத்தைக் கத்த? வெளியே வர வழியில்லாமல் கோபம் உள்ளேயே குடியேறிவிட்டது. "இனிமே என் வீட்டு ஆளுங்க மேல உங்க நிழல் கூடப் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மகள் நன்றாக ஓடுவாள். கயிற்றில் விறுவிறுவென்று ஏறுவாள். தீயணைப்பு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் அவள்தான் முதல். கடைசியாகக் கண் பார்க்கிற மேஜைக்குப் போனாள். அங்கே வேறு அட்டை. ஓடுகிற ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். இப்போது செருப்புக் கடையில் வருகிறவர்கள் காலுக்கு அளவு பார்க்கிறாள். ஆனால் அவள் நர்ஸம்மாவைத் தெருவில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் வருவாள். அதற்கும் இவர் குதிப்பார்.

"கண்ணு என்னோடது" என்பாள் மகள். "கோபம் மட்டும் எதுக்குப்பா உன்னோடது?"

தப்பு தெரிந்த அன்றைக்கு அப்புறம் நர்ஸம்மா அந்த அட்டையைத் தொடவே இல்லை. அதுவும் இவருக்கு மகள் சொல்லித்தான் தெரியும். கேட்காத மாதிரி சுத்தியலைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். டெய்லர் கெட்டி அட்டையில் E எழுத்தை வெட்டிக் கொடுத்தாராம், மூன்று விரலை நீட்டின மாதிரி. நர்ஸம்மா கையில் ஒன்று, பிள்ளை கையில் ஒன்று. அந்தம்மா எப்படித் திருப்பிக் காட்டுகிறாரோ அதே மாதிரி பிள்ளையும் திருப்ப வேண்டும். பேச்சே கிடையாது. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக, மற்றதெல்லாம் மைதானத்தில்.

"இப்படி ஒண்ணொண்ணா பார்த்தா வருஷமே முடிஞ்சிடும்மா" என்று பெரிய வாத்தியார் அலுத்துக்கொண்டாராம்.

"முடியட்டும் சார்."

கண்டுபிடித்த பிள்ளைகளுக்குக் கண் கட்டு டெய்லர் தைத்தார். மெத்தென்ற துணி, காதுக்கு மேலே போகிற மாதிரி எலாஸ்டிக், மேலே ஒரு பூனையோ மீனோ. தெருவில் எப்போதும் அப்படி ஒன்றிரண்டு பிள்ளைகள் ஒற்றைக் கண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கும்போதெல்லாம் பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். நாலு எட்டு நடந்தால் இரைக்கும். டெய்லர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே பட்டறை. இவர் வெல்டிங் கண்ணாடியை இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் தெரியாது. அது ஒரு வசதி.

மகள் வேலைக்குப் போனால் பேத்தி பட்டறையில்தான். மருமகன் லாரியோடு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பேத்திக்கு வீட்டில் வைத்த பேர் வாண்டு. ஒருநாள் காலை வாண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் நர்ஸம்மா அதைப் பார்த்தார். எழுந்தார். தெருவைக் கடக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. நடுவில் நின்று ஒரு சைக்கிள்காரரிடம் திட்டும் வாங்கினார்.

இரும்பு அறுக்கிற கட்டரை நிறுத்தாமலே இவர் கேட்டார். "என்ன வேணும்?"

"குழந்தைக்குக் கண்ணு பார்க்கணும்."

"நீங்க பார்த்த வரைக்கும் போதும்."

"ஆமா. அதனாலதான் வந்திருக்கேன்."

இவர் கட்டரை நிறுத்தினார். நர்ஸம்மா ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு பையிலிருந்து அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து இரும்பு மேஜையில் வைத்தார்.

"நான் தொடலை. நீங்களே பாருங்க. தள்ளி நின்னு திருப்பித் திருப்பிக் காட்டுங்க, அவ அதே மாதிரி காட்டணும். ஒரு கண்ணை மூடிட்டு, அப்புறம் இன்னொண்ணு. விரலால பொத்தாதீங்க, இடுக்கு வழியா பார்ப்பா. இந்த வயசுல எல்லாரும் திருடங்கதான்."

"எம் பேத்திக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லாம இருந்தா நல்லது. நான் வயசான காலத்துல உளறிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிங்க." சொல்லிவிட்டுத் திரும்பி, வந்த மாதிரியே நின்று நின்று போனார்.

அட்டைகளை எடுத்துக் கம்பிக் குவியலுக்குப் பின்னால் போட்டார் இவர். ஆனால் அதற்கு அப்புறம் வேலை ஓடவில்லை. ஜன்னல் கம்பி ஒன்றை அளவு தப்பிக் கட்டையாக வெட்டிவிட்டார். டீ வந்தது, ஆறிப்போய் ஆடை கட்டியது. மதியம் போல எழுந்து, எதிர்க்கடைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். அட்டைகளைத் தேடி எடுத்துத் துடைத்தார். கண்ணைப் பொத்த அவரிடம் இருந்ததைவிட நல்ல சாமான் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை: வெல்டிங் கண்ணாடி வில்லை. அதன் வழியாக நெருப்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

"வாண்டு, வா விளையாடலாம்."

வில்லையை இடது கண்ணில் வைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். மேலே காட்டினார், மேலே காட்டியது. பக்கவாட்டில் காட்டினார், காட்டியது. "இது கூடத் தெரியாதா எனக்கு?" என்று சிரிப்பு வேறு.

"இப்போ அந்தக் கண்ணுக்கு மாத்து."

மாற்றியது. இவர் அட்டையைக் காட்டினார். குழந்தை கையில் இருந்த அட்டை அசையவில்லை.

"காட்டு தாத்தா."

"காட்டிட்டுத்தானே இருக்கேன்."

"பொய்." தன் கையில் இருந்ததை இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டே இருந்தது. பிறகு வில்லையை எடுத்துவிட்டு, "எனக்கு இந்த விளையாட்டு வேணாம்" என்றது.

இவர் கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கையில் கரியோடும் காலில் கட்டைப் பேண்ட்டோடும் தெருவைக் கடந்து டெய்லர் கடைக்குள் போனார். மகள் நாலாவது படித்ததற்கு அப்புறம் அந்தப் படியில் அவர் கால் பட்டதில்லை. டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இடது கண்ணு" என்றார் இவர். 

நர்ஸம்மா, நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. "நாள் இருக்கு" என்றார். "உங்க பொண்ணுக்குக் கிடைக்காத நாள் இவளுக்கு இருக்கு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

டாக்டரும் அதையேதான் சொன்னார். கண்ணாடி போட வேண்டும். வலது கண்ணைத் தினமும் பகலில் பாதி நேரமாவது கட்டி வைக்க வேண்டும். மாதக் கணக்கில். விட்டால் இதுவும் அம்மா மாதிரித்தான். மகள் அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

டெய்லர் சிவப்பு மீன் போட்ட கட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார். காலையில் மகள் கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் வாண்டு கச்சேரியை ஆரம்பித்துவிடும். தட்டுத் தடுமாறும். ஆங்கிள் இரும்பில் முட்டிக்கொள்ளும். "தாத்தா, எடுத்துடு தாத்தா, எனக்கு ஒண்ணுமே தெரியலை தாத்தா" என்று காலைக் கட்டிக்கொள்ளும். புகையா இருக்குப்பா என்று சொன்ன குரல் இவருக்குக் காதில் கேட்கும். எடுத்துவிடுவார். மகள் வருகிற நேரத்துக்கு மறுபடி கட்டிவிடுவார்.

"ஊருக்கெல்லாம் இரும்பு, பேத்திகிட்ட மட்டும் வெண்ணெய்" என்பாள் சம்சாரம். சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சில வாரம் இப்படியே போயிற்று. நர்ஸம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி டெய்லர் வந்து கூப்பிட்டார். ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த மாதிரிப் படுத்திருந்தார் நர்ஸம்மா. நேராகப் படுத்தால் மூச்சு முட்டுமாம். முகம் உப்பியிருந்தது. கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் கட்டில் வரைக்கும் வந்தது.

"நாக்கை நீட்டு" என்றார். வாண்டு நீட்டியது. "தினமும் கட்டுறீங்களா?"

"டாக்டர் சொன்னபடி" என்றார் இவர்.

நர்ஸம்மா மெல்லக் கட்டை அவிழ்த்தார். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தார். மீனைத் திருப்பிப் பார்த்தார்.

"எலாஸ்டிக் தடமே இல்லையே. துணியும் இப்பத்தான் மெஷின்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு."

இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா வர்றப்பதான் தாத்தா கட்டும்" என்றது வாண்டு.

"காட்டிக்கொடுத்துட்டியா? நல்ல பிள்ளை. போய் டெய்லர் தாத்தாகிட்ட பட்டன் டப்பா கேளு." குழந்தை ஓடியதும் நர்ஸம்மா கொஞ்ச நேரம் மூச்சுக்குக் காத்திருந்தார். இவர்தான் முதலில் பேசினார்.

"அது அழறதை என்னால பார்க்க முடியலைங்க."

அந்தம்மாவிடம் அவர் குரலை இறக்கிப் பேசியது அன்றைக்குத்தான்.

"அழுவா. இன்னும் நிறைய அழுவா. வீட்டுல ஒரு ஆளு அவளுக்குப் பிடிக்காத ஆளா இருந்தே தீரணும். அவ அம்மா பகல்ல இல்ல. உங்க சம்சாரம், அவகூடவே சேர்ந்து அழற ரகம். மிச்சம் நீங்கதான்."

"என்னால ஆகாதுங்க."

"ஏன் ஆகாது? இத்தனை வருஷம் என் மேல கோபத்தைச் சுமந்தீங்களே, ஒருநாளாவது தோள் வலிக்குதுன்னு இறக்கி வச்சீங்களா? அந்தக் கட்டைப் பேண்ட்டை எத்தனை வருஷமா தாங்குறீங்க? அந்தப் பிடிவாதத்துல பாதியை எடுத்து இங்க போடுங்க. போதும்."

இவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. வேறெதுவோ வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவரை நர்ஸம்மா மறுபடி கூப்பிட்டு இன்னும் ஒன்று கேட்டார். "அதெல்லாம் இப்போ எதுக்குங்க பேசிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பட்டறையில் கட்டு அவிழவில்லை. வாண்டு தரையில் புரண்டது. கடித்தது. போகிறவர்கள் நின்று, "குழந்தையை என்னய்யா பண்றே?" என்று கேட்டார்கள். இவர் கட்டைச் சரிபார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். குழந்தை, தாத்தா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் "கெட்ட தாத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தது. சரி என்று அதற்கும் திரும்பிப் பார்த்தார். அழுது ஓய்ந்த பிறகு ஒரு தட்டில் போல்ட்டும் நட்டும் கொட்டி, எதற்கு எது சேரும் என்று பார்க்கச் சொல்லுவார். முதலில் பெரிய நட்டுகள். அதையே தடவித் தடவித்தான் மாட்டும். நாள் போகப் போகச் சின்ன வாஷரைக் கூட விரலால் துழாவாமல் பார்த்தே எடுத்தது. அதை நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னார். அன்றைக்கு அந்தம்மா பேசுகிற நிலையில் இல்லை. கையை மட்டும் அசைத்தார்.

அந்த வாரமே போய்விட்டார்.

தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டெய்லர் தன் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. யார் யாரோ வந்தார்கள். மீசை வைத்த ஆள்கள், கைக்குழந்தையோடு பெண்கள். எல்லாரும் ஒரு காலத்தில் அந்தப் பச்சை மெத்தையில் படுத்தவர்கள். கண்ணாடி போட்ட ஒருத்தர் வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பட்டறைக்காரர் மகளோடும் பேத்தியோடும் வந்தார். பேத்தியின் வலது கண்ணில் மீன் கட்டு.

"சாவு வீட்டுக்கு எதுக்கு இந்தக் கோலம்? அவிழ்த்து விடுங்க" என்றார் நாற்காலியில் இருந்த ஒருத்தர்.

"பாவம், பச்சைப் பிள்ளை" என்றது இன்னொரு குரல்.

"அப்பா, இன்னைக்கு ஒருநாள்..." என்றாள் மகள். இவர் கூடாது என்று தலையை ஆட்டினார். 

முன்னறையில் நர்ஸம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி. வாண்டு இவர் தோளில் இருந்தபடி எட்டிப் பார்த்தது.

"கெட்ட தாத்தா, சரியாத் தெரியலை. எடுத்துடு. ஒரே ஒருதரம் பார்த்துட்டுக் கட்டிக்கிறேன்."

அன்றைக்கு அது அடம் பிடிக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நியாயம் கேட்கிற மாதிரிக் கேட்டது. இவர் கை கட்டு வரைக்கும் போனது. போன கையை இறக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

"இப்போ தெரியுதா?"

"வெள்ளையா இருக்கு."

இன்னும் கிட்டப் போனார்.

"இப்போ?"

"முடி தெரியுது."

முழங்கால் மடக்கி உட்கார்ந்து, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி, நர்ஸம்மா முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்.  "இப்போ பாரு கண்ணு" என்றார்.

பின்னால் நின்ற மகள் அந்த வார்த்தையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தை ரொம்ப நேரம் பார்த்தது. நெற்றி, மூக்கு, மூடியிருந்த உதடு, ஒவ்வொன்றாக.

"நாக்கம்மா தூங்குறாங்க" என்றது.

கட்டை அவிழ்த்துப் பார்த்த அன்று வாசல் வரைக்கும் போனவரைத் திரும்பக் கூப்பிட்டு நர்ஸம்மா கேட்டது இதைத்தான். "நான் போற அன்னைக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் அவிழ்க்கச் சொல்லுவாங்க, அவிழ்க்காதீங்க. தெரியலைன்னு சொன்னா, கிட்டத் தூக்கிட்டு வாங்க. அந்தக் கண்ணாலேயே என்னைப் பார்க்கட்டும்."